அம்மாவை மஸ்கட்டுக்குக் கூட்டிப் போகிறேன், பெட்டியில் என்ன வைக்கலாம், அங்கே எப்படி நடந்துக்கணும்?

தாமிரபரணிக்காரி:

வணக்கம் மக்களே. பாளையங்கோட்டைக்காரி. தம்பி ஓமன் நாட்டு மஸ்கட்டில் வேலை பார்க்கிறான், ரூவியில் வீடு எடுத்து நாலு வருஷம் ஆகிறது. "பொங்கல் முடியட்டும், அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போ" என்று ஆறு மாதமாக ஒரே நச்சரிப்பு. ஒரு வழியாக 2026 ஜனவரி 24 போய் பிப்ரவரி 22 திரும்புவதாக முடிவு செய்திருக்கிறோம். வீட்டுக்காரருக்கு லீவு இல்லை, ஆகவே நானும் அம்மாவும் மட்டும்தான். திருவனந்தபுரத்தில் ஏறினால் நேரே மஸ்கட், அதுவரைக்கும் கவலை இல்லை.

கவலை எல்லாம் அம்மாவைப் பற்றித்தான். 63 வயது, இதுதான் முதல் விமானம். தினம் ஒரு கேள்வி கேட்கிறாள். திருநீறு பூசிக்கொண்டு போகலாமா, பொட்டு வைக்கலாமா, சேலை கட்டலாமா, இல்லை வயசான காலத்தில் என்னைச் சுடிதார் போடச் சொல்வியா என்று. தம்பியிடம் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா வாங்க" என்கிறான். ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு எல்லாமே ஒண்ணுமில்லைதான்.

முக்கியமான சங்கதி, தம்பியின் மேலதிகாரி அந்த ஊர்க்காரர். அம்மா வருகிறாள் என்றதும் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லி இருக்கிறார். அம்மா சுத்த சைவம். அங்கே எப்படி உட்கார வேண்டும், என்ன கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், சாப்பிட மாட்டேன் என்பதை எப்படிச் சொல்வது, ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை, மூட்டுவலிக்கு அவ்வப்போது ஒரு மாத்திரை, இதெல்லாம் ஒரு மாதத்துக்கு எடுத்துப் போகலாமா? நாங்கள் ரெண்டு பேரும் தம்பி இல்லாத நேரத்தில் வெளியே போகலாமா? கோயில் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொதிகை_எக்ஸ்பிரஸ்:

அக்கா, என் சித்தப்பா வளைகுடாவில் பல வருஷம் இருந்தவர். பொட்டு, திருநீறு எதுவும் கூடாது, சாமி படம் பார்த்தால் ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள், வெளியே போனால் பெண்கள் முழுக்கக் கறுப்பு அங்கி போட்டே ஆகவேண்டும், கோயில் என்ற பேச்சே கிடையாது என்று சொல்லி இருக்கிறார். பார்த்து முடிவு பண்ணுங்க.

மேலப்பாளையத்தான்:

தம்பி பொதிகை, உங்க சித்தப்பா எந்த நாட்டில், எந்தக் காலத்தில் இருந்தார் என்று கேட்டுக்கொண்டு எழுதுங்க. வளைகுடா என்பது ஒரே ஊர் இல்லை. தூத்துக்குடிச் சட்டத்தை வைத்துத் திண்டுக்கல்லுக்குப் பதில் சொல்வது போல இருக்கிறது.

தங்கச்சி, நான் மஸ்கட்டில் 11 வருஷம் கடையில் நின்றவன், இப்போது ஊரோடு வந்துவிட்டேன். முதலில் அம்மாவிடம் சொல்லுங்க, பொட்டும் வைக்கலாம், திருநீறும் பூசலாம், சேலையும் கட்டலாம், ரூவித் தெருவில் சாயங்காலம் நடந்தால் நம்ம வண்ணாரப்பேட்டையில் நடப்பது மாதிரிதான் இருக்கும். கோயிலும் இருக்கிறது. பழைய மஸ்கட்டில் சுல்தானின் அல் ஆலம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே சிவன் கோயில், மோதீஸ்வரர் என்று பெயர், நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. 2018 பிப்ரவரியில் நம்ம பிரதமர் போனபோது அந்தக் கோயிலுக்கும் போனார், பெரிய பள்ளிவாசலுக்கும் போனார். தார்சைத் பக்கம் கிருஷ்ணன் கோயில் ஒன்று. ரூவியில் சர்ச்சும் உண்டு. நீங்கள் இருக்கும் மாதத்தில், பிப்ரவரி 15 ஞாயிற்றுக்கிழமை, மகா சிவராத்திரி வருகிறது. அன்றைக்கு அந்தக் கோயிலில் நிற்க இடம் இருக்காது, அம்மாவைக் காலையிலேயே கூட்டிப் போய்விடுங்க.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. அடுத்தவரை மதம் மாற்றப் போவது மாதிரித் துண்டுப் பிரசுரம், புத்தகம் கொடுப்பது. நம்ம பாளையங்கோட்டையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலே கையில் ஒன்றைத் திணிப்பார்கள். பையில் அந்த மாதிரி எதுவும் கட்டாகக் கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்க. நீங்கள் படிக்க ஒரு பைபிள், ஒரு தேவாரப் புத்தகம், ஒரு சாமி படம், அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது பெட்டிக்கு வருவோம். மாட்டுவது எல்லாம் பெட்டியில்தான். நம்ம வீட்டு அம்மாமார் மாத்திரை எடுத்துவைக்கும் அழகு தெரியுமே, அட்டையைக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி, பழைய தைல டப்பாவில் போட்டு, மேலே ஒரு ரப்பர் பேண்ட். வெட்டின துண்டில் பேரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. அதை வைத்துக்கொண்டு சுங்கத்தில் என்ன சொல்லப்போகிறீர்கள்? முழு அட்டையாக, கடைக்காரர் கொடுத்த பெட்டியோடு, டாக்டர் சீட்டோடு எடுங்க. சீட்டில் அம்மா பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும், மருந்தின் மூலப்பெயரை டாக்டரிடம் சொல்லி ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்க. சர்க்கரை, பிரஷர் மாத்திரையால் வம்பு வராது. ஆனால் அந்த மூட்டுவலி மாத்திரை என்னவென்று பாருங்க. டிரமடால் கலந்தது என்றால், அப்புறம் கோடீன் கலந்த இருமல் சிரப், தூக்க மாத்திரை, இதெல்லாம் வளைகுடா முழுக்கக் கட்டுப்பாட்டில் இருக்கிற மருந்து. டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார்.

கசகசா எடுக்கவே எடுக்காதீங்க. துபாய், கத்தார், சவுதி எல்லாவற்றிலும் தடை, அது அபினிச் செடியின் விதை என்று கணக்கு. நீங்கள் மஸ்கட்டுக்கு நேரே போனாலும் எதற்கு வம்பு, குருமாவுக்கு முந்திரியை அரைத்து ஊற்றச் சொல்லுங்க. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அதையும் விட்டுவிடுங்க. வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அந்த ஒரு மாதம் மறந்துவிட வேண்டியதுதான், வாயில் போடும் புகையிலைக்கு அங்கே தடை. ரோட்டில் துப்பினாலும் அபராதம்.

பொடி எல்லாவற்றுக்கும் ஒரு எச்சரிக்கை. நான் ஒரு தடவை ஊரிலிருந்து போகும்போது, பக்கத்து அறையில் இருந்த நாகர்கோவில் பையனுக்கு அவன் அம்மா கொடுத்த ஒரு காகிதப் பொட்டலத்தை வாங்கிப் போனேன். சுங்கத்தில் பிரித்தால் வெள்ளை வெளேரென்று பொடி. திருநீறு. நானோ தொப்பி போட்ட பாய், எனக்கு அதை விளக்கவும் தெரியவில்லை, அவருக்குப் புரியவும் இல்லை, கடைசியில் கியூவில் நின்ற ஒரு மலையாளிச் சேச்சி வந்து நெற்றியைக் காட்டி விளக்கிய பிறகுதான் விட்டார்கள். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன், யார் பொட்டலம் கொடுத்தாலும், சொந்த மச்சானாக இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. ஏர்போர்ட்டில் முன்பின் தெரியாதவர்கள் "இதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்திருங்க" என்பார்கள், முகத்தைப் பார்த்து இரக்கப்படாதீங்க. அம்மாவின் திருநீறைக் கோயிலிலோ கடையிலோ விற்கும் அச்சடித்த பாக்கெட்டாக வாங்கிவிடுங்க.

விசா பற்றி. ஒரு மாத விசா என்றால் 30 நாள்தான், இறங்கின நாளும் அதில் சேரும். ஜனவரி 24 முதல் எண்ணினால் பிப்ரவரி 22 முப்பதாவது நாள், கடைசி நாளில் டிக்கெட் போட்டு விமானம் தாமதமாகி நள்ளிரவு தாண்டிவிட்டால் கூடுதல் நாளுக்கு அபராதம். ரெண்டு நாள் முன்னாடியே கிளம்புங்க. பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதம் ஆயுள் மிச்சம் இருக்கட்டும்.

காயல்_ராத்தா:

மேலப்பாளையம் காக்கா பெட்டியைப் பார்த்துக்கிட்டார், நான் விருந்தைப் பார்க்கிறேன். நான் காயல்பட்டினம், மச்சான் வேலையோட ஆறு வருஷம் மஸ்கட்டில் இருந்தேன், ஓமனி வீடுகளுக்கு நிறையப் போயிருக்கிறேன்.

உம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்க தங்கச்சி. எங்க ஊர்க் கல்யாண வீட்டுக்கு எப்போதாவது வந்திருந்தால் பாதி விஷயம் ஏற்கனவே தெரிந்திருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றணும். ஆண்கள் ஒரு அறை, பெண்கள் ஒரு அறை. உங்க தம்பி அந்த அதிகாரியோட மஜ்லிஸில், அதாவது ஆண்கள் உட்காரும் வரவேற்பறையில் இருப்பார், உங்களையும் உம்மாவையும் உள்ளே பெண்கள் பக்கம் கூட்டிப் போவார்கள். தரையில் விரிப்பில் உட்காரணும், மூட்டு வலிக்குது என்று சொன்னால் உடனே நாற்காலி வந்துவிடும், கூச்சப்படாமல் கேளுங்க. ஒரே விஷயம், காலை நீட்டி உள்ளங்கால் அடுத்தவரைப் பார்க்கிற மாதிரி உட்காரக்கூடாது. இதை நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆண்கள் கை நீட்டினால் தவிர நீங்களாகக் கை நீட்டாதீங்க, நெஞ்சில் கைவைத்து லேசாகத் தலையசைத்தால் போதும், அது மரியாதையும்கூட. பெண்கள் கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைப்பார்கள், உம்மா திடுக்கிட வேண்டாம். தம்பிக்கு ஒன்று சொல்லிவையுங்க, அந்த அதிகாரியிடம் "உங்க மனைவி எப்படி இருக்காங்க" என்று பேர் சொல்லிக் கேட்கக்கூடாது, குடும்பம் நலமா என்று கேட்கணும். நம்ம பக்கத்துப் பெரியவர்கள் "வீட்டுல சௌக்கியமா" என்பார்களே, அதே கணக்குதான்.

முதலில் பேரீச்சம்பழமும் அல்வாவும் வரும். ஆமா, அல்வாதான்! ஓமனில் அல்வாவைப் பற்றி ரொம்பப் பெருமை. மாவுச்சத்து, சர்க்கரை, நெய், குங்குமப்பூ, ஏலக்காய், பன்னீர் போட்டுக் கிண்டுவது, நம்மது சம்பா கோதுமைப் பால், ருசி வேறே. அதனால் என்ன கொண்டுபோகலாம் என்ற கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது, திருநெல்வேலி அல்வா ரெண்டு கிலோ. "உங்க ஊரு அல்வா இது, எங்க ஊரு அல்வா இது" என்று உம்மா கையால் அந்த வீட்டுப் பெண்மணியிடம் கொடுக்கட்டும், அதைவிட நல்ல பேச்சு வேறு கிடைக்காது. பெட்டியில் வைக்கும்போது நெய் கசியும், ரெண்டு கவரில் போட்டு டப்பாவில் வையுங்க, கைப்பையில் வேண்டாம். அங்கே உங்க முன்னாடி பிரிக்க மாட்டார்கள், பிடிக்கவில்லையோ என்று நினைக்காதீங்க. அந்த வீட்டில் எதையாவது பார்த்து ஆகா ஓகோ என்று புகழாதீங்க. எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள், எனக்கு ஒரு தடவை ஒரு சாம்பிராணிக் கரண்டி அப்படித்தான் வந்தது, இன்றைக்கும் வீட்டில் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது.

அல்வாவுக்குப் பின்னாலே கஹ்வா. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது, ஏலக்காய் போட்ட காப்பி, கைப்பிடி இல்லாத குட்டிக் கோப்பையில் கால்வாசிதான் ஊற்றுவார்கள். கருமித்தனம் இல்லை, சூடாக இருக்கணும் என்பதற்காக. குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், போதும் என்று வாயால் சொன்னால் உபசாரத்துக்குச் சொல்வதாக நினைத்து மறுபடி ஊற்றுவார்கள். கோப்பையைக் கையில் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாக ஆட்டிக் கொடுத்தால்தான் போதும் என்று அர்த்தம். ஒன்று குடிக்காமல் மறுக்காதீங்க, ரெண்டு மூன்றோடு ஆட்டிவிடுங்க. வலது கையாலேயே வாங்கணும், கொடுக்கணும்.

சாப்பாடு பெரிய தாம்பாளத்தில் வரும், சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிடுவது. எங்க ஊர் சஹன் மாதிரி. உம்மாவுக்கு அது ஒத்துவராது என்றால் முதல் நாளே சொல்லிவிடுவதுதான் முறை, தாம்பாளம் வந்த பிறகு சொல்வது சங்கடம். "அம்மா கறி, மீன், முட்டை சாப்பிட மாட்டாங்க, அது அவங்க நோன்பு மாதிரி ஒரு வழக்கம்" என்று தம்பி ரெண்டு நாள் முன்னாடி சொன்னால் போதும், மார்க்கத்தோடு சேர்த்துச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். சோறு மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று நினைக்காதீங்க, அங்கே சோறே கறித்தண்ணியில்தான் வேகும். ஹரீஸ் என்று கோதுமைக் களி மாதிரி வெள்ளையாக வரும், பார்த்தால் சைவம் போல இருக்கும், அதிலும் கறி கரைந்திருக்கும். பருப்பு, ரொட்டி, மோர், பழம், பேரீச்சை, அல்வா, இது போதும் உம்மாவுக்கு.

கடைசியாக ஒரு விஷயம், எனக்கே முதல் தடவை யாரும் சொல்லித்தரவில்லை. சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது சாம்பிராணித் தட்டு வரும், சேலைத் தலைப்பில், முடியில் புகை பிடித்துக்கொள்ளணும், பன்னீரோ அத்தரோ தெளிப்பார்கள். நம்ம கல்யாண வீட்டில் பன்னீர் தெளித்தால் உள்ளே வாங்க என்று அர்த்தம். அங்கே சாம்பிராணி வந்துவிட்டால் விருந்து முடிந்தது, கொஞ்ச நேரத்தில் கிளம்பலாம் என்று அர்த்தம். நான் அது தெரியாமல் அதற்கப்புறம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எங்க உம்மாவோட நெஞ்சுவலிக் கதை முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா பாவம், கொட்டாவியை முழுங்கி முழுங்கிக் கேட்டது.

தாமிரபரணிக்காரி:

ராத்தா, அண்ணாச்சி, ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. மாத்திரை டப்பாவைப் பற்றி எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், "அந்த அண்ணாச்சி நம்ம வீட்டுக்கு எப்ப வந்தாரு" என்று கேட்டாள். நிஜமாகவே தைல டப்பாதான். திரும்பும் டிக்கெட்டை பிப்ரவரி 20க்கு மாற்றிவிட்டேன்.

இன்னும் ரெண்டு. அந்தப் பெரிய பள்ளிவாசலைப் பார்க்க ஆசை, எங்களை விடுவார்களா? ரெண்டாவது, தென்காசியில் என் ஃபிரெண்ட் ஒருத்தி சலாலா போகாமல் வராதே, நம்ம குற்றாலம் மாதிரியே இருக்கும் என்கிறாள்.

சாரல்_பைத்தியம்:

ஃபிரெண்டு சொன்னது நிஜம், ஆனால் உங்க மாதம் தப்பு. நான் செங்கோட்டை, சலாலாவில் மூன்று வருஷம் இருந்தேன். ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை அங்கே கரீஃப் என்று ஒரு சீசன், நம்ம குற்றாலச் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் மலையில் மோதிப் பொசுபொசுவென்று தூறுகிறது. மற்ற வளைகுடா எல்லாம் அடுப்பு மாதிரி கொதிக்கும்போது அங்கே மட்டும் பச்சைப் பசேல், துபாயில் இருந்தெல்லாம் கார் கட்டிக்கொண்டு வருவார்கள். ஜனவரியில் போனால் வறண்ட மலையும் ஒட்டகமும்தான். மார்கழியில் குற்றாலத்துக்குப் போய் "எங்கே சாரல்" என்று கேட்கிற கதை ஆகிவிடும். மஸ்கட்டில் இருந்து ஆயிரம் கிலோமீட்டர் வேறு.

அதற்குப் பதிலாக நிஸ்வா போங்க, காரில் ரெண்டு மணி நேரத்துக்குள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் கோட்டைக்குப் பக்கத்தில் ஆட்டுச்சந்தை. நம்ம மேலப்பாளையம் சந்தையில் ஆட்டை நிறுத்தி வியாபாரி சுற்றி வருவார், அங்கே தலைகீழ், வட்டமாக ஆட்கள் உட்கார்ந்திருக்க ஆட்டைப் பிடித்துக்கொண்டு வியாபாரி சுற்றிச் சுற்றி ஓடுவார். முகத்தில் முகமூடி மாதிரிப் போட்ட பதூயின் (பாலைவன நாடோடி இன) பெண்களும் பேரம் பேசுவார்கள், படம் எடுக்கக் கை பரபரக்கும். கேட்காமல் எடுக்காதீங்க, பெண்களை எடுக்கவே எடுக்காதீங்க. போலீஸ், ராணுவம், துறைமுகம், அரசாங்கக் கட்டிடம் பக்கமும் போனை நீட்டக்கூடாது.

நிஸ்வாவில் பலஜ் தாரிஸ் என்று ஒரு வாய்க்கால் இருக்கிறது, அது உள்பட ஓமனின் ஐந்து வாய்க்கால்களை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மலையடி ஊற்றில் இருந்து மோட்டார் இல்லாமல் சரிவிலேயே கொண்டுவரும் தண்ணீர், ஊருக்குள் முறை வைத்துப் பங்கிடுகிறார்கள், கன்னடியன் கால்வாயும் பாளையங்கால்வாயும் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கண் கலங்கும். ஒன்று மட்டும் கவனம். தலைப்பக்கம் குடிக்க, அதற்குக் கீழே பள்ளிவாசலுக்கு, அதற்கும் கீழே குளிக்க என்று இடம் பிரித்திருப்பார்கள். தண்ணீரைக் கண்டதும் நம்ம ஆட்கள் காலைத்தான் முதலில் விடுவார்கள். ஊர்க்காரர்கள் எங்கே கால் நனைக்கிறார்களோ அங்கே மட்டும் நனையுங்க.

காயல்_ராத்தா:

பள்ளிவாசலுக்கு விடுவார்கள் தங்கச்சி. சுல்தான் காபூஸ் பெரிய பள்ளி, 2001இல் திறந்தது, முஸ்லிம் அல்லாதவர்கள் சனி முதல் வியாழன் வரை காலை 8 மணியில் இருந்து 11 மணிக்குள் போகணும், வெள்ளி கிடையாது. தொழுகைக் கூடத்தில் விரித்திருக்கிற ஒரே கம்பளம் மட்டும் 21 டன், ஈரானில் நெய்தது. தலைமுடி, மணிக்கட்டு, கணுக்கால் மூன்றும் மறையணும், இதில் கண்டிப்பு. சேலைக்கு அங்கேதான் சிக்கல், இடுப்பு தெரியும், முக்கால் கை ரவிக்கை போதாது. இப்போதே உம்மாவுக்கு முழுக்கை ரவிக்கை ரெண்டு, கொஞ்சம் இறக்கமாகத் தைக்கக் கொடுத்திடுங்க, மேலே ஒரு சால்வை, தலைக்கு ஒரு துப்பட்டா. ரூவிக் கடைத்தெருவில் தலை மூட வேண்டியதில்லை.

தம்பி இல்லாமல் வெளியே போகலாமா என்று கேட்டீங்க. தாராளமாக. டாக்சியில் பின்னாடி உட்காருங்க, ஏறுமுன் ரேட்டுப் பேசுங்க. வாரக்கடைசி அங்கே வெள்ளியும் சனியும். பகல் ஒரு மணிக்கு மேல் முத்ரா கடைத்தெரு தூங்கிவிடும், நாலு மணிக்கு மேல்தான் உயிர் வரும், மத்தியானம் வெயிலில் போய் மூடின கதவைப் பார்த்து நிற்காதீங்க. ரோட்டில் யாராவது குறுக்கே வந்தால் கையை ஆட்டித் திட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டாம், அது கேஸ் ஆகும். சுல்தானைப் பற்றி, மார்க்கத்தைப் பற்றி வாட்ஸப்பில்கூட விளையாட்டாக எழுத வேண்டாம்.

மேலப்பாளையத்தான்:

ஒன்று விட்டுப்போச்சு. ரமலான் பிப்ரவரி 18 அல்லது 19 வாக்கில் பிறக்கும், பிறையைப் பொறுத்தது. உங்க கடைசி ஒன்றிரண்டு நாள் அதில் மாட்டும். பகலில் வெளியிடத்தில் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, சூயிங்கம் மெல்லுவதுகூட ஓமனில் சட்டப்படி குற்றம், பத்து நாளில் இருந்து மூன்று மாதம் வரை சிறை என்று எழுதி வைத்திருக்கிறார்கள், எந்த மதமானாலும். வீட்டுக்குள் யாரும் கேட்க மாட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, பசி தாங்காது, ஆகவே அந்த நாட்களில் பகல் சுற்றல் வேண்டாம். காருக்குள் உட்கார்ந்து குடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், காரும் வெளியிடம்தான்.

தம்பிக்கு ஒரு வார்த்தை, சாரத்தை (கைலியை) மடித்துக் கட்டிக்கொண்டு கீழே டீக்கடைக்கு இறங்குகிற பழக்கத்தை அம்மா இருக்கும்போதாவது விடச்சொல்லுங்க.

தாமிரபரணிக்காரி:

போய் வந்துவிட்டோம்! எழுத நேரம் கிடைக்கவில்லை, மன்னிக்கணும்.

சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மாத்திரை, டாக்டர் சீட்டு எல்லாம் மேலேயே வைத்திருந்தேன், அதை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். திருநீறு பாக்கெட்டைத் தொடக்கூட இல்லை. அல்வா டப்பாவைக் காட்டி என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா "அல்வா" என்றாள். அவர் சிரித்துவிட்டு "ஹல்வா, ஹல்வா" என்று மூடச் சொல்லிவிட்டார். மஸ்கட்டில் அம்மா பேசின முதல் அரபி வார்த்தை அதுதான் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

விருந்து அப்படியே ராத்தா சொன்னது மாதிரி. அம்மாவுக்குத் தனியாக ஒரு தட்டில் பருப்பும் ரொட்டியும் கத்தரிக்காய்க் கூட்டு மாதிரி ஒன்றும் வைத்திருந்தார்கள், அந்த வீட்டம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பிட்டுப் பிட்டு வைத்தார். கோப்பையை ஆட்டவேண்டும் என்று அம்மாவுக்கு நூறு தடவை சொல்லிக் கூட்டிப்போனேன், அங்கே போனதும் மறந்துவிட்டாள், ஆறு கோப்பை குடித்து ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஆனால் சாம்பிராணி வந்ததும் என் தொடையில் ஒரு கிள்ளு, "ஏட்டி, எந்திரி". புகையைத் தலைப்பில் பிடித்துக்கொண்டே எழுந்துவிட்டாள்.

சிவராத்திரிக் கூட்டம் அண்ணாச்சி சொன்னதுக்கும் மேலே. பள்ளிவாசலுக்கு முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு போனாள், "இது குளிருக்கு நல்லாருக்கு" என்று இப்போது இங்கேயும் அதைத்தான் போடுகிறாள், மாசி வெயிலில். நிஸ்வா வாய்க்காலில், நான் டாக்சிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்த அரை நிமிஷத்தில், செருப்பைக் கழற்றிவிட்டாள். ஒரு தாத்தா ஓடிவந்து ஒன்றும் சொல்லாமல் கையைக் காட்டிக் கீழ்ப்பக்கம் கூட்டிப்போய் ஒரு படியைக் காட்டினார். அங்கே உட்கார்ந்து அரை மணி நேரம் காலை நனைத்தாள். "வைகாசில நம்ம வாய்க்கால்ல தண்ணி வர்ற மாதிரி இருக்கு" என்றாள், அப்புறம் ஊர் திரும்பும்வரை அதைப் பற்றியேதான் பேச்சு.

முதல் நோன்பு 19ஆம் தேதி. பகல் பூரா வீட்டுக்குள்ளேயே இருந்தோம். சாயங்காலம் எதிர்வீட்டில் இருந்து ஒரு கிண்ணம் வந்தது, சைவமா என்று நான் முகர்ந்து பார்ப்பதற்குள் அம்மா வாங்கிவைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி அதில் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தாள், வெறுங்கிண்ணம் கொடுக்கக் கூடாதாமே.

இப்போது ஒரு உதவி. அந்த வீட்டம்மாவுக்கு நம்ம அல்வா ரொம்பப் பிடித்துவிட்டதாம், தம்பியிடம் ரெண்டு தடவை கேட்டுவிட்டாராம். யாராவது மார்ச் மாதம் திருவனந்தபுரத்தில் இருந்து மஸ்கட் போகிறீர்களா? ஒரு கிலோ கொடுத்துவிட வேண்டும்.

மேலப்பாளையத்தான்:

என் மகன் பெருநாளைக்கு அங்கே போகிறான் தங்கச்சி. கொண்டுவாங்க. கட்டாமல் கொண்டுவாங்க, நானே பிரித்துப் பார்த்துக் கட்டிக்கொள்கிறேன்.

காயல்_ராத்தா:

காக்கா, பிரித்துப் பார்த்தால் முக்கால் கிலோதான் போய்ச் சேரும். தங்கச்சி, ஒன்றரை கிலோவாக வாங்கிடுங்க.